அப்பாவுக்காகப் போட்ட பாட்டு

பாட்டு கேட்கிற ரசனையை வைத்து ஒருத்தருடைய மூளையை அளந்துவிடலாம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வயிற்றைப் புரட்டும். போன மாதம் ஸ்டாஃப் ரூமில் ஒரு மேடம், பையனுக்குத் தினமும் காலையில் வீணை போட்டுவிடுவதாகவும் அதிலிருந்து கணக்கில் மார்க் ஏறிவிட்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாதி சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். "என்னாச்சு மேடம், சாம்பார் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இரண்டு விஷயம் சேர்ந்து வருகிறது என்பதாலேயே ஒன்றால்தான் இன்னொன்று வந்தது என்று ஆகிவிடாது என்பதை வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்குத் தொண்டை வறளக் கத்துவதுதான் என் பிழைப்பு. வீணை வாங்கித் தர வசதி இருக்கிற வீட்டில் டியூஷன் வைக்கவும் வசதி இருக்கும், விஷயம் அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள ராகம் தாளம் எதுவும் தெரிய வேண்டாம். ஆனால் என் குமட்டல் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது இல்லை. அது சிதம்பரத்தில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது வந்தது.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தேவனாம்பட்டினத்தில் பிறந்தவர். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் கடலுக்குப் போக, இவர் மட்டும் ஐ.டி.ஐ. படித்துவிட்டு செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேர்ந்தார். ரிட்டயர்டு ஆகிற வரை கம்ப்ரசர் ஓடுகிற இடத்தில்தான் வேலை. அந்தச் சம்பாத்தியத்தில்தான் செம்மண்டலத்தில் வீடு கட்டினார், என்னைச் சிதம்பரத்துக்கு அனுப்பி முனைவர் பட்டம் வரை படிக்க வைத்தார். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுப்பார்களாம். வைத்தால் மிஷின் ஓட்டம் மாறுவது தெரியாது என்று இவர் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டு சுற்றுவாராம். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா கேட்ட பாட்டெல்லாம் வேறு. மெல்லிசான பாட்டு, புல்லாங்குழல் நிறைய வரும், பெண் குரல் இழைந்து இழைந்து போகும். ஷிஃப்ட் முடிந்து வந்து டேப் ரெக்கார்டரைப் போட்டுவிட்டால் வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அம்மா அடுப்படியில் கரண்டியைக் கீழே போட்டால்கூட "த்சு" என்பார். அப்படிப்பட்ட மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். புல்லாங்குழல் பாட்டு நின்றது, அப்புறம் அந்தப் பெண் குரல்கள் நின்றன. நான் கல்லூரியில் சேர்ந்தபோது வீட்டில் குத்துப் பாட்டு மட்டும்தான் ஓடியது. ஓடியது என்று சாதாரணமாகச் சொல்ல முடியாது, அதிர்ந்தது. அம்மன் கோயிலில் பம்பையும் உடுக்கையும் அடிப்பார்களே, அந்த மாதிரிப் பாட்டுகள். அப்புறம் சினிமாவில் தெருவில் இறங்கி ஆடுகிற பாட்டுகள்.

"வயசு ஏற ஏற ரசன எறங்குது பாரு இந்த மனுஷனுக்கு," என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "பக்கத்து வூட்டுக்காரங்க என்னா நெனப்பாங்க? புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனக்க மாட்டாங்க?"

நானும் "சத்தத்தக் கொறப்பா" என்று கத்துவேன். எல்லாரும் கத்துவோம். அந்த வீட்டில் அப்பாவிடம் அதிகம் பேசப்பட்ட வார்த்தை அதுதான்.

ரிட்டயர்டு ஆன பிறகு, கூப்பிட்டால் திரும்புவதே இல்லை என்று காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதில் இடது பக்கம் ஓரளவு நிமிர்ந்து நிற்கிற கோடு வலது பக்கம் போகப் போகத் தொப்பென்று இறங்கிவிட்டது. "கனத்த சத்தம் கொஞ்சம் ஏறும்மா. மெல்லிசான சத்தம் எதுவும் ஏறாது," என்றார். வரைபடம் பார்ப்பதுதானே என் வேலை. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புல்லாங்குழல் இருந்த இடம் போய்விட்டது, பெண் குரல் இருந்த இடமும் போய்விட்டது. மிச்சம் இருந்தது அடி மட்டும்தான். அந்த மனுஷனுக்கு ரசனையும் இறங்கவில்லை, புத்தியும் கெடவில்லை. காதில் எது ஏறியதோ அதைக் கேட்டார். அவ்வளவுதான்.

காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். மாட்டிப் பார்த்துவிட்டு, "தகர டப்பாக்குள்ள தலைய வுட்ட மாதிரி இருக்கு," என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டார். அதைக் கட்டில் பக்கத்தில் வைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொள்வார். பாதி காதால் கேட்பார், பாதி கையால் கேட்பார். கையால் கேட்கும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அந்தப் பழைய டேப் ரெக்கார்டர் காலத்துச் சந்தோஷம்.

பாட்டுக்கு எங்கள் வீட்டில் ஒரே கணக்குதான். என் நம்பரில் ஆப் இறக்கி, அதையே அப்பா போனிலும் அம்மா போனிலும் போட்டுக் கொடுத்திருந்தேன். ஆளுக்கு ஒன்று எதற்கு என்று இருந்தேன். அந்தச் சிக்கனம் இப்படி ஒரு கூத்தில் கொண்டுபோய் விடும் என்று யார் கண்டது?

எனக்கு முப்பது தாண்டியிருந்தது. அப்பாவுக்கு இருந்த ஒரே கவலை நான்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, சிதம்பரத்தில் இருந்து ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். பையன் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். அவன் அப்பா அரசாங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நம்ம ஆளுங்கதான் என்றார் மாமா. விசாரித்தால் உண்மைதான், பையனுடைய தாத்தா பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு குப்பத்தில் வலை இழுத்தவர். எங்கள் தாத்தாவும் அதே வேலைதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டில் யாரும் அப்புறம் ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை.

அம்மா எங்களுக்கு ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். "அவரு காது விஷயத்தப் பத்தி மூச்சு வுடக் கூடாது. பொறக்கப் போற புள்ளைக்கும் வரும்னு பயந்து ஓடிடுவாங்க." மிஷின் சத்தத்தில் போன காது எப்படிப் பிள்ளைக்கு வரும் என்று கேட்டேன். "உன் படிப்ப காலேஜ்ல வச்சுக்க," என்றாள். அப்பாவுக்கும் பயிற்சி கொடுத்தாள். யார் எது கேட்டாலும் சிரித்த முகமாக 'ஆமாங்க' என்று சொல்லிவிட வேண்டும். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். பெண்ணுக்காக என்றால் அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார்.

பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்து, தனியாகப் பேசட்டும் என்று எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். பையன் உயரம், சிரித்தால் நன்றாக இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்லவே இப்போது கூசுகிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

"நீங்க என்ன மியூசிக் கேப்பீங்க?" என்று கேட்டான்.

"எல்லாம் கேப்பேன்."

"எல்லாம்னு சொன்னா எப்படி? மியூசிக் டேஸ்ட வச்சே ஒருத்தரோட ஐ.க்யூ. சொல்லிடலாம். ரிசர்ச் இருக்கு."

"எந்த ரிசர்ச்?"

"ரீல்ஸ்ல பாத்தேன்."

ஜோக் அடிக்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தான் கேட்கிற பாட்டு லிஸ்ட்டை எனக்கு அனுப்பினான், எல்லாம் வாயால் உச்சரிக்க முடியாத வெளிநாட்டுப் பெயர்கள், இடையிடையே வீணை, வயலின். என்னுடையதையும் அனுப்பச் சொன்னான். நானும் அசட்டுத்தனமாக அனுப்பிவைத்தேன். என் கணக்கில் அதிகம் ஓடுவது யாருடைய பாட்டு என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

கொஞ்ச நாளில் மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "என்னாம்மா இது? பையன் ஒரு மாதிரியா பேசுறான். பொண்ணு டாக்டர் பட்டம் வாங்குனது நெசந்தானான்னு கேக்குறான்."

அவரே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கத்தில் இருந்து, அளந்து அளந்து பேசுகிற அந்தக் குரல் வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க லிஸ்ட்ல டாப்புல இருக்குறதெல்லாம் குத்து, பம்பை, உடுக்கை. இதையே திரும்பத் திரும்பக் கேக்குறவங்களோட லைஃப் லாங் எப்படி ஒரு லெவலா பேச முடியும்? எனக்கு ஷாக்கா இருந்துச்சு."

எனக்கு வாயில் நல்லா வந்தது. அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். "ஐயையோ மாப்ள! அது எங்க வூட்டுக்காரரு கேக்குறது. ஒரே நம்பர்லதான் எல்லாரும் கேக்குறோம். பாப்பா அதெல்லாம் காதுலகூட வாங்காது. கர்நாடகம்தான் கேக்கும்."

கர்நாடகமாம்! நான் என் வாழ்க்கையில் உட்கார்ந்து கேட்டது சிதம்பரத்தில் படித்தபோது விழாவில் ஒரே ஒரு கச்சேரி, அதுவும் சுண்டல் கிடைக்கும் என்று தோழி இழுத்துப் போனதால்.

"அங்கிளா?" என்றான் அவன். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டான். "அப்ப ஓகே."

அப்ப ஓகே. அங்கிளுக்கு மூளை இல்லாவிட்டால் பரவாயில்லையாம், அங்கிளுக்குத்தான் அது தேவையில்லையே! நான் பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். எதிரிலேயே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது தெரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாவாம்?" என்று கேட்டார்.

"உம் பொண்ண அவுங்களுக்குப் புடிச்சிருக்காம்!" என்று அம்மா அவர் காதில் கத்தினாள். அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்கப்புறம் நான் என்ன சொல்ல முடியும்?

சிதம்பரத்துக்குக் கை நனைக்கக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகிற வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் காபி பலகாரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், சோறு சாப்பிட மாட்டார்கள். இலை போட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் பின்வாங்கினால் பெரிய அசிங்கம். அதைத்தான் கை நனைக்கிறது என்போம்.

மாமாவின் காரில் போனோம். அப்பா புது வேட்டி கட்டி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். செம்மங்குப்பம் வந்ததும் அந்த மருந்து நாற்றம் உள்ளே வர, மாமா கண்ணாடியை ஏற்றினார். அப்பா இறக்கினார். "என் கம்பெனி வாசன," என்று சொல்லி மூக்கு நிறைய இழுத்தார். மாமா மறுபடி ஏற்றினார், அப்பா மறுபடி இறக்கினார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

கீழ வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது வீடு. உள்ளே நுழையும்போதே வீணை கேட்டது. ஹாலில் ஆள் உயரத்துக்கு இரண்டு கறுப்பு ஸ்பீக்கர் நின்றன. "நம்ம வூட்ல விடியக்காலைல இருந்து ராகம்தான். அதான் பையன் மூளை இவ்ளோ ஷார்ப்பு," என்றார் அவன் அப்பா. சொல்லிவிட்டு சோபாவில் சாய்ந்து போனில் ஏதோ மனை விற்கிற வீடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தார். அவன் அம்மா அடுப்படியில் மிக்சி ஓட்டினார். அவன் காதில் சின்னதாக எதையோ செருகிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். அந்த வீணையை அந்த வீட்டில் ஒரு ஜீவன்கூடக் கேட்கவில்லை. சாம்பிராணி மாதிரி, வீட்டில் புகைந்துகொண்டிருந்தால் சரி என்று விட்டிருந்தார்கள்.

அப்பா கேட்டதற்கெல்லாம் சிரித்து, "ஆமாங்க, ஆமாங்க" என்றார். நல்லவேளை, எல்லாம் ஆமாம் சொல்கிற கேள்வியாகவே வந்தது. இந்தச் சாப்பாடு ஒழுங்காக முடிந்துவிட்டால் அப்பா நிம்மதியாகத் தூங்குவார், அதற்காகவாவது முடியட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று மனசில் ஓரமாக ஒன்று முனகியது. அதை அடக்கிவிட்டேன்.

பெரிய மர மேஜையில் வரிசையாக இலை போட்டார்கள். எனக்கும் அப்பாவுக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. பொரியல், கூட்டு, அப்பளம், வடை எல்லாம் வைத்து, சோறு வைத்தார்கள். அவன் அம்மா நெய் ஊற்றிக்கொண்டு வந்தார். அப்போதுதான் அவன் எழுந்தான்.

"இருங்க இருங்க. அங்கிளுக்கு ஒரு ஸ்பெஷல் இருக்கு."

வீணை நின்றது. அவன் போனைத் தட்டினான். நான் அனுப்பிய அதே லிஸ்ட். பம்பைப் பாட்டு அந்த இரண்டு கறுப்பு ஸ்பீக்கரிலும் அடித்துக் கிளம்பியது. மேஜை அதிர்ந்தது, தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை போனது. அவன் அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அவன் அம்மா நெய்க் கிண்ணத்தோடு நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"அங்கிள்!" என்று அவன் குனிந்து கேட்டான். "இதக் கேட்டா இருக்குற மூளையும் கரைஞ்சி போயிடாது?"

அப்பா அவன் வாயைப் பார்த்தார். ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் அவர் உள்ளங்கை மேஜை மேல் இருந்தது. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஆமாங்க, ஆமாங்க," என்றார். "டெய்லி கேப்பேன்!"

மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அப்பாவும் சேர்ந்து சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் இடம் போய்விடுமோ என்கிற பயத்தில் பல்லை மட்டும் காட்டுகிற சிரிப்பு. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதலில் வயிற்றைப் புரட்டியது.

"நல்ல வேள," என்றார் அவன் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பொண்ணு அம்மாவக் கொண்டு பொறந்துருக்கு."

அப்பா என் பக்கம் சாய்ந்தார். ரகசியம் சொல்கிறோம் என்றுதான் அவருக்கு நினைப்பு. காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அந்தப் பாட்டையும் மீறி மேஜைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"பாப்பா, பாத்தியா? எனக்குப் புடிச்ச பாட்டா தேடிப் புடிச்சிப் போட்டுருக்காங்க. நம்ம மேல எவ்ளோ மரியாத பாரு!"

சிரிப்பு நின்றது. எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அவன் அம்மா நெய்க் கிண்ணத்தைப் பார்த்தார். அவன் அப்பா தண்ணீர் குடித்தார். ஒரு நிமிஷம் நான்கூட நம்பினேன். இப்போது அவன் பாட்டை நிறுத்துவான், முகம் சுருங்கும், மனுஷன் என்றால் கூசத்தானே செய்யும் என்று காத்திருந்தேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நீயும் நானும் ஒரு கட்சி, இந்த ஆள் வேறு என்கிற கண்ணடிப்பு. அப்புறம் போனை எடுத்துச் சத்தத்தை இன்னும் கூட்டினான்.

சீ! இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. தெரியாமல் சிரித்ததை மன்னித்துவிடலாம். தெரிந்த பிறகு கூட்டினான் பாருங்கள், அதைச் செய்கிற ஆளுக்கு எந்த வீணை போட்டு என்ன? காலையில் இருந்து ராத்திரி வரை ராகமாக ஊற்றினாலும் உள்ளே ஒன்றும் இறங்காது.

அப்பா சந்தோஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டே சோற்றில் குழி பறிக்கக் கையைக் கொண்டு போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். விரல் சோற்றில் படவில்லை. அவர் காதோடு வாயை வைத்துச் சொன்னேன்.

"கை வைக்காதப்பா. எனக்கு இவரப் புடிக்கல. எழுந்துரு."

அவருக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது. என் முகத்தையே பார்த்தார்.

"என்ன ஆச்சு?" என்றான் அவன். "வாட் ஹேப்பன்டு?"

"உங்க ஐ.க்யூ. வச்சிக் கண்டுபிடிங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மாமா "ஏய், ஏய்" என்று பாதி எழுந்தார்.

அவர்களைத் திட்டியிருக்கலாம். அவன் தாத்தாவின் குப்பத்தைச் சொல்லிக் கேட்டிருக்கலாம், அப்பாவின் காதைப் பற்றிச் சொல்லி மூஞ்சியில் அடித்த மாதிரி நாலு வார்த்தை விட்டிருக்கலாம். எல்லாம் தொண்டை வரை வந்தது. ஆனால் அப்பா என்னை முந்திக்கொண்டார். மேஜையிலிருந்து எழுந்து, அவனையும் அவன் அப்பாவையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர்.

"மன்னிச்சிடுங்க சார். புள்ள வெவரம் இல்லாம பேசுது. நான்தான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன். நீங்க எனக்காகப் பாட்டெல்லாம் போட்டு இவ்ளோ மரியாத பண்ணீங்க. மனசுல வச்சிக்காதீங்க."

பாட்டு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பாவி, அதை நிறுத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. என் அப்பா கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார், மன்னித்தோம் என்று ஒரு வார்த்தை வரும் என்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு. நான்தான் அவர் கையைப் பிடித்து இறக்கி, வெளியே கூட்டி வந்தேன்.

காரில் மாமா என்னைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். இனிமேல் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். அம்மா அழுதாள். செம்மங்குப்பம் வந்தபோது மாமா கண்ணாடியை ஏற்றினார். அப்பா இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். "ஏன் வேணாம்னு சொன்னன்னு அவரு கிட்ட சொல்லிடு. பாவம், உன் மேல வருத்தமா இருக்காரு," என்றாள்.

"நீ சொல்லும்மா."

அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? யோசித்துப் பார்த்தால் அப்பாவுக்குப் பிடித்த பாட்டை அவருக்கென்று யாராவது போட்டது அந்த ஒரு தடவைதான் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். நாங்கள் அத்தனை வருஷமாகச் சத்தத்தைக் குறை, சத்தத்தைக் குறை என்றுதான் சொல்லியிருக்கிறோம். அதுவும் உன்னைக் கேலி செய்யத்தான் என்று சொல்லிவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்? அம்மா அன்றோடு சத்தத்தைக் குறைக்கச் சொல்வதை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து முறையிட்டபோது, "உங்க வூட்டு ஜன்னலச் சாத்திக்குங்க," என்று அனுப்பிவிட்டாள்.

அப்பா மட்டும் அந்தச் சிதம்பரம் வீட்டை விடவில்லை. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போனபோது, மணலில் உட்கார்ந்து சித்தப்பாக்களிடம் ஆரம்பித்துவிட்டார். பம்பை அடித்துக்கொண்டு சாமி கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பெரிய வூடு. படிச்சவங்க. கொஞ்சமாச்சும் கர்வம் இருக்கணுமே? கெடையாது. இந்த ஆளுக்கு என்னா பாட்டு புடிக்கும்னு வெசாரிச்சி வச்சிருந்து, நான் எலைல உக்காந்ததும் போட்டான் பாரு அந்தத் தம்பி! இவ எழுந்துருச்சி வந்துட்டா."

சித்தப்பாக்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். எனக்கு அந்த வீட்டு நெய் வாசனை மூக்கில் ஏறியது. எச்சிலை விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஸ்பீக்கரைத் தன் பக்கம் இழுத்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபமாக இல்லை, பரிதாபமாகத்தான் பார்த்தார்.

"எவ்ளோ படிச்சி என்னா பாப்பா? நல்ல மனுஷன் யாருன்னு கண்டுபுடிக்கிற மூள உனக்கு இல்லாமப் போச்சே."

"ஆமாப்பா," என்றேன், அவருக்குக் கேட்கிற மாதிரி. "ஆமாப்பா."

அவர் உள்ளங்கையை ஸ்பீக்கர் மேல் வைத்துக்கொண்டார். நான் பாட்டைப் போட்டுச் சத்தத்தை முழுசாகக் கூட்டினேன்.